பதினோரு வரி அனுப்பப் போய்… (நிரல் பங்களிப்பு விதிகளின் கதை)

போன கட்டுரையில் சித்தன்னவாசல் பக்கம் போய் வந்தோம். இந்தத் தடவை கணினிப் பக்கம். ஆனால் இதுவும் வரலாறுதான், பயப்படாமல் படிக்கலாம். நடுவில் குடுமியான்மலையும் வரும்.

முதலில் என் சோகக் கதை. நான் பயன்படுத்தும் ஒரு திறமூல மென்பொருளில் (பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பில்லை) ஊர்ப் பெயர்களின் பட்டியல் ஒன்று வரும். இடம் போதாவிட்டால் பெயரை ஏழு எழுத்தோடு வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைத்துவிடும். சரி, புதுக்கோட்டைக்கு ஆறு எழுத்துதானே, வெட்ட வேண்டியதே இல்லையே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். ஒருங்குறியில் உயிர்மெய் எழுத்து ஒன்றாக இருப்பதில்லை. 'பு' என்றால் 'ப' ஒன்று, உகரக் குறி ஒன்று. 'க்' என்றால் 'க' ஒன்று, புள்ளி ஒன்று. இப்படி எண்ணினால் நம் ஊர்ப் பெயர் கணினிக்குப் பன்னிரண்டு. ஏழோடு வெட்டினால் திரையில் வருவது 'புதுக்க…'. எந்த ஊர் என்று நானே ஒரு நிமிடம் யோசித்தேன்.

தமிழ் எழுத்துகளைத் தமிழர் எண்ணுவது போல எண்ணுவதற்கு ஓப்பன்-தமிழ் மாதிரி நிரலகங்கள் இருக்கின்றன. அதே வழியைப் பின்பற்றிப் பதினோரு வரிகளை மாற்றினேன். என் கணினியில் 'புதுக்கோட்டை' முழுசாகத் தெரிந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. உலகம் முழுக்கப் போகிற மென்பொருளில் நம் கைவரிசை! கோப்பை அப்படியே ஜிப் செய்து, "தமிழில் பிழை, சரி செய்துவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டேன்.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. சாரம் இதுதான்: இது பதினோரு வரி மாற்றம் இல்லை, தொள்ளாயிரம் வரி மாற்றம். தயவுசெய்து பங்களிப்பு வழிகாட்டியைப் படித்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்.

என்ன நடந்திருக்கிறது என்றால், நான் பயன்படுத்திய எடிட்டர் கோப்பைச் சேமிக்கும்போது வரியின் தொடக்கத்தில் இருந்த 'டேப்' எல்லாவற்றையும் இடைவெளிகளாக மாற்றிவிட்டது. என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. கணினிக்கு ஒவ்வொரு வரியும் புது வரி.

வழிகாட்டியைத் திறந்தேன். எட்டுப் பக்கம். மாற்றத்தை மட்டும் அனுப்பு, ஒரு சமயம் ஒரு மாற்றம், ஏன் மாற்றினாய் என்று எழுது, கையொப்ப வரி போடு, சோதித்துப் பார்… அறைத்தோழன் எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, சும்மா குடுக்குறத வாங்கிக்கிறதுக்கு இத்தனை சட்டமாடா?" என்றான். எனக்கும் அதே கோபம்தான். கோபத்தில், இந்தச் சட்டங்களை எல்லாம் யார் போட்டது, எப்போது போட்டது என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேடக் கோபம் போய்விட்டது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு சண்டையோ, ஒரு வழக்கோ, ஒரு திருட்டோ இருக்கிறது.

முதல் விதி: மாற்றத்தை மட்டும் அனுப்பு. இதன் வேர் 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. யூனிக்ஸ் உருவான அதே இடம். அங்கே டக்ளஸ் மெக்கில்ராய் 'டிஃப்' என்ற நிரலை எழுதினார். இரண்டு கோப்புகளைக் கொடுத்தால் எந்தெந்த வரி வேறு என்று மட்டும் சொல்லும். அது பாதி வேலை. மறுபாதியை 1985-இல் லாரி வால் செய்தார் (பிற்பாடு 1987-இல் பெர்ல் மொழியை உருவாக்கியவர் இவரே). அவர் எழுதிய நிரலின் பெயர் 'பேட்ச்'. டிஃப் தந்த வித்தியாசப் பட்டியலை இன்னொருவரிடம் இருக்கும் கோப்பின் மேல் அது பூட்டிவிடும்.

பேட்ச் என்றால் ஒட்டு. கிழிந்த துணிக்குப் போடுகிறோமே, அந்த ஒட்டு. உவமைக்காகச் சொல்லவில்லை. துளையிட்ட காகித நாடாவில் நிரல் இருந்த காலத்தில், தப்பான பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் துண்டை உண்மையிலேயே ஒட்டினார்கள். பெயர் அங்கிருந்து வந்தது.

லாரி வாலின் ஒட்டில் ஒரு நுணுக்கம் இருந்தது. நான் 100-ஆவது வரியில் மாற்றம் சொல்கிறேன். உங்களிடம் இருக்கும் கோப்பில் ஏற்கெனவே யாரோ மேலே ஐந்து வரி சேர்த்துவிட்டதால் அது 105-ஆவது வரியாகிவிட்டது. வரி எண்ணை மட்டும் நம்பினால் தப்பான இடத்தில் ஒட்டு விழும். பேட்ச் நிரல் அக்கம்பக்கத்து வரிகளைப் பார்த்துச் சரியான இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். அதனால் ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு பேர், ஒரே கோப்பின் மேல் ஒரே வாரத்தில் வேலை செய்ய முடிந்தது. தொலைபேசிக் கம்பியில் மோடம் வழியாக எல்லாம் போன காலம் என்பதால் அளவு சிறியதாக இருந்ததும் பெரிய வசதி. நான் அனுப்பியது என்ன? ஒட்டுக் கேட்டவர்களுக்கு முழு வேட்டியை, அதுவும் சாயம் மாற்றி அனுப்பியிருக்கிறேன். அவர்களிடம் உள்ள வேட்டியில் இதற்குள் வேறு பத்துப் பேர் தைத்திருப்பார்கள்.

அடுத்து லினக்ஸ். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாக அறிவித்தார். அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும். நமக்கு வேண்டியது, அவருக்கு வந்த மின்னஞ்சல்கள். ஒட்டுகள் எல்லாம் மின்னஞ்சலில்தான் வந்தன. அவர் ஒவ்வொன்றாகப் படித்து, பிடித்தால் சேர்ப்பார். இல்லாவிட்டால் விட்டுவிடுவார். பிடிக்காமல் விட்டாரா, கண்ணில் படாமல் விட்டாரா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. மறுபடி அனுப்பிப் பார்க்க வேண்டியதுதான்.

ஆட்கள் குறைவாக இருந்தவரை இது ஓடியது. 1998 இலையுதிர் காலத்தில் ஒரு பெரிய சண்டை. அனுப்பிய ஒட்டுகள் காணாமல் போகின்றன, ஒரே மனிதரால் இத்தனை பேரைச் சமாளிக்க முடியாது என்று குழுவுக்குள்ளேயே வெடித்தது. 2002 ஜனவரியில் அதே சண்டை மறுபடி. ஒட்டுகளை வாங்கி வடிகட்டித் தர ஒருவரை நியமியுங்கள் என்று ஒரு யோசனை கூட வந்தது. அடுத்த மாதமே டோர்வால்ட்ஸ் 'பிட்கீப்பர்' என்ற கருவிக்கு மாறினார். அது ஒரு தனியார் நிறுவனத்தின் மூடிய மென்பொருள். திறந்த நிரலை உருவாக்க மூடிய கருவியா என்று பலருக்கு எரிச்சல். 2005-இல் அந்த எரிச்சல் பலித்தது. ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற நிரலாளர் பிட்கீப்பர் எப்படிப் பேசுகிறது என்று ஆராயப் போக, நிறுவனம் இலவச அனுமதியைத் திரும்பப் பெற்றது. 2005 ஏப்ரல் 3 அன்று டோர்வால்ட்ஸ் சொந்தமாக ஒன்றை எழுதத் தொடங்கினார். நான்கு நாளில் அந்தக் கருவி தன் நிரலைத் தானே பாதுகாக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அதுதான் 'கிட்'. நம் வகுப்பில் பாதிப் பேர் புராஜெக்ட் சமர்ப்பிக்கும் நாளில் திட்டுகிறோமே, அதே கிட்தான் :-)

(நான்கு நாள்! நாம் ரெக்கார்டு நோட்டு முடிக்க எடுத்துக்கொள்ளும் நாட்களை நினைத்துப் பார்க்கவும்.)

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கையொப்ப வரி. ஒவ்வொரு ஒட்டின் கீழும் 'இன்னார் கையொப்பமிட்டது' என்று பெயரும் மின்னஞ்சல் முகவரியும் எழுத வேண்டும். வெறும் மரியாதைக்கு என்றுதான் நினைத்தேன். இல்லை, இதன் பின்னால் நூறு கோடி டாலர் வழக்கு ஒன்று இருக்கிறது.

2003 மார்ச்சில் எஸ்.சி.ஓ. என்ற நிறுவனம் ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டது. யூனிக்ஸ் எங்கள் சொத்து, அதை லினக்ஸுக்குள் நுழைத்துவிட்டார்கள் என்பது புகார். கேட்ட தொகை முதலில் 100 கோடி டாலர். பிற்பாடு இன்னும் ஏற்றினார்கள். அப்போது லினக்ஸ்காரர்களிடம் எல்லோரும் கேட்ட கேள்வி எளிமையானது: இந்த வரியை எழுதியது யார்? எங்கிருந்து எடுத்தார்? பத்து வருட மின்னஞ்சலைக் கிளறித்தான் பதில் சொல்ல முடிந்தது. 2004 மே மாதம் டோர்வால்ட்ஸ் ஒரு வழி சொன்னார். இது நானே எழுதியது, அல்லது கொடுக்க எனக்கு உரிமை உள்ளது என்று ஒட்டு அனுப்புகிறவர் ஒரு வரியில் உறுதி சொல்ல வேண்டும். அதை வாங்கி மேலே அனுப்புகிறவரும் தன் பெயரைச் சேர்க்க வேண்டும். ஒரு வரி நிரல் யார் யார் கை மாறி வந்தது என்று சங்கிலியாகத் தெரியும். வழக்கு என்ன ஆனது? யூனிக்ஸ் உரிமை எஸ்.சி.ஓ.வுக்கே இல்லை, நோவெல் நிறுவனத்துக்குத்தான் என்று இன்னொரு வழக்கில் தீர்ப்பாகி, நிறுவனம் திவாலாகி, 2021-இல் 1.425 கோடி டாலர் சமரசத்தோடு முடிந்தது. வழக்கு போய்விட்டது, கையொப்ப வரி நின்றுவிட்டது.

இதைவிடக் கடினமான முறையும் இருந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, ஜி.சி.சி., ஈமேக்ஸ் போன்றவற்றுக்குப் பெரிய மாற்றம் அனுப்புகிறவர்களிடம் காப்புரிமையையே எழுதி வாங்கியது. வேலை செய்யும் நிறுவனமோ படிக்கும் இடமோ உரிமை கோராது என்று அவர்களிடமும் ஒரு கடிதம் தேவைப்படலாம். நீதிமன்றத்தில் நிற்கும், நியாயம்தான். ஆனால் புதுக்கோட்டையில் படிக்கும் ஒரு மாணவன் பதினோரு வரிக்காக அலுவலகத்தில் போய், "சார், இந்த நிரல் மேல் கல்லூரிக்கு உரிமை இல்லை என்று ஒரு கடிதம் தாங்க" என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள். முதலில் பெற்றோரைக் கூட்டி வா என்பார்கள். (சின்ன மாற்றங்களுக்கு இந்தக் காகிதம் கேட்கமாட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.) 2021-இல் ஜி.சி.சி. இந்தக் கட்டாயத்தைக் கைவிட்டு, லினக்ஸ் போலக் கையொப்ப வரியும் போதும் என்றது. எனக்கு இதில் ஒரு கட்சி உண்டு: ஒரு வரி உறுதிமொழிதான் நம்மைப் போன்றவர்களை உள்ளே விட்டது.

அந்த ஒரு வரியிலும் நமக்கென்று ஒரு சிக்கல் இருந்தது. லினக்ஸ் வழிகாட்டி 'உண்மைப் பெயர்' போடச் சொன்னது, புனைபெயர் கூடாது என்றது. நம் ஆட்களுக்கு உண்மைப் பெயர் எது? பள்ளிச் சான்றிதழில் முன்னால் தலைப்பெழுத்து. ஆதாரில் பின்னால். கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுசாக. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கொடுத்தால், கடைசிப் பெயர் கட்டத்தில் ஓர் எழுத்து மட்டும் போடுவோம். ஓர் எழுத்து போதாது என்று சிவப்பில் வரும். 2023-இல் லினக்ஸ் வழிகாட்டி இந்தச் சொற்களை மாற்றியது. தெரிந்த அடையாளமாக இருந்தால் போதும், யாரென்றே தெரியாதவராக இருக்கக் கூடாது என்பது இப்போதைய விதி. யாருக்காக மாற்றினார்களோ, நமக்கும் நல்லது.

இந்த இடத்தில் குடுமியான்மலைக்கு ஒரு நடை போய் வரலாம். புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். அங்கே குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்து, ஏழு பகுதி, நான்கு நான்கு சுரங்களாகக் கோத்த குறிப்புகள். மாணவர்களின் நன்மைக்காக, உருத்திராச்சாரியாரின் மாணவரான ஓர் அரசர் செய்தது என்று அதிலேயே இருக்கிறது. வாசிக்கிறவன் வரிசையாகப் பின்பற்ற வேண்டிய குறிப்புகளைப் பாறையில் எழுதி எல்லோருக்கும் திறந்து வைப்பது என்றால், எனக்கு அது மூலநிரல் மாதிரித்தான் தெரிகிறது. அதன் கடைசியில் ஒரு தமிழ் வரி. எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்ற பொருளில். எட்டு என்ன, ஏழு என்ன? நரம்புகளா, வேறு எதுவுமா? ஆய்வாளர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வடமொழிக் குறிப்புகளுக்குக் கீழே தமிழில் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது யார், எதற்கு என்று கல்லில் இல்லை. ஒரு வரி மாற்றம், பெயர் இல்லை, காரணம் இல்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஆகப் போகிறது, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். 'ஏன் மாற்றினாய் என்று எழுது' என்ற விதியைப் படித்தபோது எனக்கு அந்தப் பாறைதான் ஞாபகம் வந்தது.

தமிழ் இணையத்தில் இந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள் மதுரைத் திட்டத்தார். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் தொடங்கிய, பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கும் தன்னார்வத் திட்டம். அவர்களின் எந்தக் கோப்பைத் திறந்தாலும் நூலுக்கு முன்னால் ஒரு முகப்பு இருக்கும். தட்டச்சு செய்தவர் யார், பிழை திருத்தியவர் யார் என்று. கோப்பை யாருக்கு வேண்டுமானாலும் இலவசமாகக் கொடுக்கலாம், முகப்பை மட்டும் நீக்கக் கூடாது என்பது நிபந்தனை. லினக்ஸில் கையொப்ப வரி வருவதற்கு ஆறு வருடம் முன்பே நம் ஆட்கள் இதைச் செய்திருக்கிறார்கள். வழக்குக்குப் பயந்து இல்லை. உழைத்தவன் பெயர் உழைப்போடு போக வேண்டும் என்பதற்காக. நோக்கம் வேறு, முடிவு கிட்டத்தட்ட ஒன்று.

மென்பொருளைத் தமிழாக்கும் குழுக்களுக்கு வேறு வகைத் தலைவலி. மொழிபெயர்ப்புக் கோப்பிலும் கடைசியாக மொழிபெயர்த்தவர் பெயர், குழுவின் பெயர் எல்லாம் போட இடம் உண்டு. ஆனால் சண்டை பெயரில் இல்லை, சொல்லில். 'கணினி'யா, இலங்கையில் பரவலாக எழுதும் 'கணனி'யா? பொத்தானில் 'சேமி' என்று போடுவதா, 'சேமிக்கவும்' என்று மரியாதையாகப் போடுவதா? ஒருவர் ஒரு பக்கத்தில் 'சேமி' என்றும் இன்னொருவர் அடுத்த பக்கத்தில் 'சேமிக்கவும்' என்றும் எழுதினால் பயன்படுத்துகிறவர் இரண்டும் வேறு வேலையோ என்று குழம்புவார். அதனால்தான் சொற்பட்டியலைப் பார்த்துவிட்டு மொழிபெயருங்கள் என்கிறார்கள். (என் ஓட்டு 'சேமி'க்கு. கருவியைப் பார்த்து நாம் சொல்வதுதானே, மரியாதை எதற்கு?)

டேப், இடைவெளி, வரி நீளம் பற்றியெல்லாம் அதிகம் சொல்லப் போவதில்லை. ஒரு வரிக்கு 80 எழுத்து என்ற அளவு, 1928-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த 80 நெடுவரிசைத் துளை அட்டையின் வாரிசு. லினக்ஸ் 2020-இல் தான் 100 வரை போகலாம் என்று தளர்த்தியது. லினக்ஸில் டேப் என்றால் எட்டு எழுத்து அகலம். மூன்று அடுக்குக்கு மேல் உள்ளே தள்ள வேண்டி வந்தால் நிரலையே சரி செய் என்பார்கள். எல்லாம் ரசனை என்று விட்டுவிடலாம், ஆனால் என்னை மாட்டிவிட்டது இந்த ரசனைதான்.

2008-இல் கிட்ஹப் வந்த பிறகு மின்னஞ்சல் ஒட்டு தெரியாதவர்களும் ஒரு பொத்தானை அழுத்தி மாற்றம் அனுப்ப முடிந்தது. கூட்டம் கூடியது. 2012-இல் ஒவ்வொரு திட்டமும் வைத்திருக்கும் வழிகாட்டிக் கோப்பை, அனுப்பும் இடத்திலேயே கிட்ஹப் காட்டத் தொடங்கியது. அப்படியும் நான் படிக்கவில்லை, அது வேறு.

கூட்டம் கூடினால் கள்ளனும் வருவான். 2021 ஏப்ரலில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வரும் ஒட்டுகளை லினக்ஸ் தடை செய்தது. வேண்டுமென்றே பிழை வைத்த ஒட்டுகளை அனுப்பி, கண்டுபிடிக்கிறார்களா என்று அங்கிருந்த ஆராய்ச்சியாளர்கள் முன்பு சோதித்திருந்தார்கள். சும்மா வேலை செய்கிறவர்களைச் சோதனை எலியாக்கிவிட்டார்கள். இதைவிடப் பயங்கரம் எக்ஸ்-இசட். கோப்புகளைச் சுருக்கும் சின்ன நிரல், கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் உண்டு. ஒருவரே பல வருடம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக ஒட்டுகள் அனுப்பி, நம்பிக்கை பெற்று, பொறுப்புக்கும் வந்து, 2024-இல் கொல்லைப்புறக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் அதை வெளியிட்டார். எப்படிப் பிடித்தார் தெரியுமா? உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டு!

ஜியா டான் எல்லா விதிகளையும் கடைப்பிடித்தவர் என்பதை மறந்துவிட வேண்டாம். வழிகாட்டியில் உள்ள ஒன்றுகூட அவரைத் தடுக்கவில்லை. அந்தச் சமயம் பழைய பராமரிப்பாளர் களைத்துப் போயிருந்தார். வேகமாகச் சேருங்கள், பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சில பெயர்கள் அவரை நச்சரித்திருக்கின்றன. அதைப் படித்த பிறகுதான், எனக்கு நான்கு நாள் கழித்து வந்த அந்தப் பதிலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சம்பளம் இல்லாத யாரோ ஒருவர், யாரென்றே தெரியாத என் ஜிப் கோப்பைத் திறந்து, தொள்ளாயிரம் வரியையும் பார்த்திருக்கிறார். அதற்குள் நான் என்ன வேண்டுமானாலும் ஒளித்து வைத்திருக்கலாம்.

இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதிய நிரல்கள் வந்து குவிவதால் வழிகாட்டிகள் மறுபடி நீள்கின்றன. 2024 ஏப்ரலில் ஜென்டூ அவற்றை ஏற்கமாட்டோம் என்றது. மே மாதம் நெட்பி.எஸ்.டி. முன் அனுமதி இல்லாமல் கூடாது என்றது. காரணம் 2004-இல் கேட்ட அதே கேள்வி: இந்த வரி எங்கிருந்து வந்தது? அந்தச் சண்டை முடிந்தபின் வேறொரு கட்டுரை எழுதலாம்.

என் ஒட்டு என்ன ஆனது என்று கேட்பீர்கள். எடிட்டரில் டேப்பைத் தொடாதே என்று அமைத்துவிட்டு, பழைய கோப்பை எடுத்து மறுபடி பதினோரு வரி எழுதினேன். 'புதுக்கோட்டை' ஏன் 'புதுக்க' ஆகிறது என்று ஆறு வரியில் விளக்கம். கீழே கையொப்ப வரி, தலைப்பெழுத்தோடு. இந்தத் தடவை இரண்டே நாளில் பதில். மலையாளம், கன்னடப் பெயர்களிலும் இதே வெட்டு விழுமா, அதற்கும் சேர்த்து ஒரு சோதனை எழுதித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். விழுகிறது, பார்த்துவிட்டேன். கன்னடம் தெரிந்தவர்கள் யாராவது வகுப்பில் இருந்தால் பத்து ஊர்ப் பெயர் எழுதிக் கொடுங்கள், இன்று ராத்திரி கரண்ட் இருந்தால் மூன்றாம் முறை அனுப்ப வேண்டும்.